கரமனை வரை: ஸ்ரீவித்யா நினைவில் நான்கு நாள்

அக்டோபர் 17, பத்மநாபபுரம்

நடிகை ஸ்ரீவித்யா திருவனந்தபுரத்தில் காலமானது 2006 அக்டோபர் 19. அன்று வியாழக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. அவருக்கு வயது 53. சென்னையில் பிறந்தவர், கர்நாடக இசைப் பாடகி எம்.எல்.வசந்தகுமாரியின் மகள். மலையாளிகள் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்து அழுதார்கள். கேரள அரசு மரியாதையுடன் கரமனை பிராமண சமூகச் சுடுகாட்டில் தகனம் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போகிற எவரும் கரமனைப் பாலத்தைத் தாண்டித்தான் தம்பானூர் பஸ் நிலையம் சேர வேண்டும். இந்தப் பயணம் அந்தச் சாலை வழியாகத்தான்.

பத்மநாபபுரத்தில் தொடங்கக் காரணம் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் தேவாரக்கெட்டு சரஸ்வதி ஒவ்வொரு நவராத்திரிக்கும் இதே வழியில் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறாள். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் போகிறார்கள். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை தாண்டித் திருவனந்தபுரம் கோட்டைக்குள். சங்கீதக் குடும்பத்துப் பெண் ஒருவரை நினைத்துப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழித்தடம் கிடையாது.

வருகிறவர்கள் கவனத்துக்கு: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. அதனால் கேரள அரசு விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியம் ஒரு மணி வாக்கில் சாப்பாட்டு இடைவேளை விடுவார்கள். பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் வாசலில் காத்திருக்க வேண்டிவரும். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஏறித் தக்கலையில் இறங்கினால் ஆட்டோ தூரம். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே கருந்தரை கண்ணாடி மாதிரி வழுக்கும். ஐப்பசி மழையில் நனைந்த காலோடு நடக்காதீர்கள்.

இரவு எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குவது நல்லது. அபூர்வ ராகங்கள், 1975. அதில் அவர் பைரவி என்ற பாடகி. பாட்டுக்குக் குரல் வாணி ஜெயராமுடையது. ஆனால் மூச்சு ஸ்ரீவித்யாவுடையது. 'கேள்வியின் நாயகனே' வரும்போது உதட்டைப் பார்க்காமல் கழுத்தைப் பாருங்கள். சரணத்துக்கு முன் காற்றை எங்கே இழுக்க வேண்டும், நீட்டி நிறுத்தும்போது தாடை எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் பாட்டுக்காரர் வீட்டில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாடகியாக நடிக்கிற பலர் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நிஜமாகவே பாடுகிறார், சத்தம் மட்டும்தான் வேறொருவருடையது.

அந்தப் படத்தில் ரஜினி அவருடைய கணவர், கமல் அவரைக் காதலிக்கும் இளைஞர். 1989-ல் கமலுக்கு அம்மா, 1991-ல் ரஜினிக்கு அம்மா. ரஜினி அவரைவிட மூத்தவர். கமல் ஒரே ஒரு வயது இளையவர். முப்பத்தைந்து வயதில் ஒரு நடிகையைக் கிழவியாக்கிவிட்டது தமிழ் சினிமா. எத்தனை வருடம் கழிந்தாலும் இந்த வருத்தம் ஆறுவதாக இல்லை. மலையாளம் அவருக்கு வேறு வேலை வைத்திருந்தது.

அக்டோபர் 18, களியக்காவிளை

துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, சொல்லி வைத்த மாதிரி வருகிறது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் இருட்டும், பிறகு இடியோடு இரண்டு மணி நேரம் கொட்டும். வெளி வேலை எதுவானாலும் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். இன்றைக்கு மழையில் செய்கிற வேலைதான்: பழைய வீடியோ கேசட்டைத் தேடிக் காப்பாற்றுவது.

இந்தப் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985-ல் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியபோது விளவங்கோடு தாலுகா ஓட்டு வீடுகளில் ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின. 1993-ல் ஏசியாநெட், 1998-ல் சூர்யா. தமிழ் பேசுகிற குடும்பங்கள் மலையாள சீரியல் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. பிடித்த தொடரை வி.சி.ஆரில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. சினிமா எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதற்குப் பிரிண்ட் இருக்கிறது, டி.வி.டி. இருக்கிறது. சீரியல் அப்படியில்லை. ஒளிபரப்பான அன்றோடு முடிந்துபோன அத்தியாயங்கள் ஏராளம். ஸ்ரீவித்யாவுக்கு 2003-ல் புற்றுநோய் என்று தெரிந்தது. 'அவிசாரிதம்' தொடருக்காக 2004-க்கான சிறந்த நடிகை என்ற கேரள மாநிலத் தொலைக்காட்சி விருதை வாங்கினார். நோயோடு நடித்த காலத்து நடிப்பின் ஒரு பகுதி ஏதோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். "அக்கா, பழைய கேசட் ஏதாவது கெடக்கா?" என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கிடைத்த கேசட்டை உடனே வி.சி.ஆரில் தள்ளாதீர்கள். பத்தில் எட்டுப் பேர் செய்கிற தவறு இதுதான். முதலில் டார்ச் வெளிச்சத்தில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுற்றின் ஓரத்தைப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். வெள்ளையாக மாவு தூவிய மாதிரியோ, வட்ட வட்டமாகவோ தெரிந்தால் பூஞ்சை. இந்த ஈரக் காற்றில் பரணில் படுக்க வைத்த கேசட்டுக்குப் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதை ஓட்டினால் தூள் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டும், படம் பனிமூட்டமாகும், அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் அதே மெஷின் பூஞ்சையைக் கொடுத்துவிடும்.

பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடின டப்பாவில் ஒரு வாரம் விடுங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், அரிசித் தூசு உள்ளே போகும். காய்ந்த பிறகு, மூக்கில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைக்க வேண்டும். கேசட்டின் அடிப்பக்கம் ஐந்து ஸ்க்ரூ. ஸ்க்ரூவைக் கழற்றியபின் கேசட்டை நிமிர்த்தி வைத்து மூடியை மேல்பக்கமாகத் தூக்குங்கள். தலைகீழாகத் திறந்தால் சின்ன உருளையும் ஸ்பிரிங்கும் சிதறிவிடும். திறந்தவுடன் டேப் போகிற வழியை ஒரு போட்டோ எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். டேப்பை நேரடியாக விரலால் தொடக் கூடாது. பஞ்சு உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, டேப் தானாக நகர்ந்துபோகும்படி மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற 70 சதவீத ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம், அது ஆகாது.

பூஞ்சை இல்லாத கேசட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த டேப்பின் இறுக்கம் அப்போதுதான் சமமாகும். பிறகு பதிவு. வி.சி.ஆரின் பின்னாலிருந்து மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு, யு.எஸ்.பி. கேப்சர் வழியாகக் கணினிக்கு. கேப்சர் மென்பொருளில் நம் நாட்டு டி.வி. முறையான பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 720-க்கு 576, நொடிக்கு 25 பிரேம். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டு உருண்டோ வரும், கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். பழைய மோனோ மெஷினில் சத்தத்துக்கு ஒரே துளைதான் இருக்கும். சத்தம் ஒரு காதில் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், பிறகு சரிசெய்துகொள்ளலாம். படத்தின் அடியில் கோடு ஆடினால் டிராக்கிங் பட்டனை மெதுவாகத் திருப்புங்கள். இ-180 கேசட்டுக்கு மூன்று மணி நேரம் முழுசாக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. எம்பெக்-2-வில் நல்ல தரத்தில் எடுத்தால் மணிக்கு நாலு ஜி.பி.க்குள் அடங்கும்.

ஹெட் அழுக்கானால் துடைப்பதிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. தோல் துணியை ஹெட் பதித்த உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையைத்தான் திருப்ப வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் சில்லு உடைந்துவிடும், அதோடு மெஷின் போயிற்று.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். கேசட் மேல் தேதி எழுதியவர்கள் யாருமில்லை. ஓணத் தள்ளுபடி விளம்பரம் வந்தால் ஆவணி. பள்ளிக்கூடக் குடை விளம்பரம் வந்தால் ஜூன் மழை. எந்த வருடத்து எந்த அத்தியாயம் என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. நடுவே கல்யாண வீடியோ வந்தாலும் நிறுத்தாதீர்கள். ஒரே கேசட்டில் மேலே மேலே பதிந்த வீடுகளில் கல்யாணம் முடிந்த இடத்தில் பழைய சீரியலின் வால் எட்டிப் பார்ப்பது சகஜம். அசல் கேசட்டை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், புத்தகம் மாதிரி நிற்க வைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

பதிவு ஓடும்போது எதைக் கவனிப்பது? சீரியல் செட்டில் பிராம்ப்டிங் வழக்கம். உதவி இயக்குநர் வசனத்தை உரக்கப் படிப்பார், நடிகர் கேட்டுக்கேட்டுச் சொல்வார். பழகாதவர்களின் பார்வை குரல் வரும் பக்கம் ஒரு நொடி ஓடும். அல்லது வரி காதில் விழும் வரை முகம் வெறுமையாக நிற்கும். ஸ்ரீவித்யாவிடம் அந்த வெறுமையைத் தேடிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. இமை ஒரு தடவை தாழும், அகன்ற கண்கள் திரும்ப மேலே வரும்போது பதில் அங்கே வந்துவிட்டிருக்கும், வசனம் அதற்குப் பின்னால்தான் வரும். தாளம் தொடங்கிக் கொஞ்சம் கழித்துப் பாட்டை ஆரம்பிப்பதை அரை இடம் தள்ளி எடுப்பது என்பார்களே, அது.

மழை விட்டால் எல்லையில் ரசவடையும் ஏத்தம்பழ அப்பமும் சூடாகக் கிடைக்கும். கேசட்டைத் தொடுவதற்கு முன் எண்ணெய்க் கையைக் கழுவிவிடுங்கள்.

அக்டோபர் 19, தோவாளை, கரமனை, கோட்டை

தோவாளைப் பூச்சந்தை விடியும் முன்பே நிறைந்துவிடும். ஐந்து மணிக்கு அங்கே இருந்தால் பூவைப் பார்த்து எடுக்கலாம், ஏழு மணிக்குப் போனால் மிச்சம்தான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் கால் மணி, இருபது நிமிடம்.

இரண்டு வகை வாங்க வேண்டும். ஒன்று மாணிக்க மாலை, இந்த ஊருக்கே உரியது. அரளி இதழை மடித்து, இடையிடையே பச்சைக்கு நொச்சி இலை வைத்துப் பாய் மாதிரித் தட்டையாகப் பின்னுவார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த மாதிரி இருக்கும். வாடாமல் நிற்கும், கசங்காது. அது படத்துக்கு. இன்னொன்று பிச்சி, உதிரியாகவும் நாலு முழம் கட்டியதும். பிச்சியை மொட்டாகப் பார்த்து எடுங்கள். விரிந்ததை வாங்கினால் பாறசாலை தாண்டும் முன்பே விளிம்பு சிவந்துவிடும்.

பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். பூ மூச்சு விடும், அந்த ஆவி உள்ளேயே நின்று பூவை வேகவைத்துவிடும். வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி. ஈரம் இலைக்கு வெளியே இருக்க வேண்டும், பூவின் மேல் தண்ணீர் தெளித்தால் தெளித்த இடமெல்லாம் பழுப்பாகும். ஐஸ் பட்ட மொட்டு கண்ணாடி மாதிரி ஆகி அழுகிவிடும். பஸ்ஸில் மேலே பலகையில் வைக்காதீர்கள், கூரைச் சூடு நேராக இறங்கும். மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரளி விஷச் செடி. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒரே பையில் போடக் கூடாது. தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் காலை டிபன். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை விலக்கியது. ஆகவே அங்கே ஏதாவது கோயிலுக்குப் பூக் கொடுப்பதென்றால் பிச்சியும் துளசியும் மட்டும் கொண்டுபோங்கள்.

பஸ் விஷயம். வடசேரியிலிருந்து இரண்டு மாநில வண்டிகளும் உண்டு, இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஃபாஸ்டில் ஏறினால் கரமனையில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டிவரும். ஏறும்போதே கண்டக்டரிடம் "கரமனையில் நிற்குமா" என்று கேட்டுவிடுங்கள். நம் பக்கத்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அப்படிக் களியக்காவிளை வரை வந்து கேரள ஆர்டினரியில் மாறிக்கொண்டால் செலவு குறையும். நேரம்தான் கூடுதல். எட்டு மணிக்கு மேல் பாலராமபுரத்திலிருந்தே நெரிசல்.

கரமனையில் இறங்கியதும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது சுடுகாடு, சுற்றுலா இடமல்ல. இன்றைக்கு அங்கே வேறொரு குடும்பம் தன் துக்கத்தோடு நிற்கலாம். கும்பலாகப் போகாதீர்கள், கேமராவை எடுக்காதீர்கள், மாலையை யாருடைய கையிலும் திணிக்காதீர்கள். நாங்கள் ஆற்றங்கரையில் ஒரு கைப்பிடி உதிரிப் பிச்சி விடுவதோடு சரி. ஜரிகையோ நைலான் நூலோ இருக்கிற மாலையை ஆற்றில் போடவே கூடாது. வாழைநாரில் கட்டிய பூவாக இருந்தாலும் நாரை உருவிவிட்டுப் பூவை மட்டும் விடுங்கள். மாணிக்க மாலை தங்குகிற அறையில் படத்துக்கு.

பிறகு அக்ரகாரத்துத் தெருவில் கொஞ்சம் நடக்கலாம். திண்ணை வைத்த பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. பாடல்கள் இயற்றிய நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊர் இது. 'என்றைக்கு சிவ கிருபை' என்ற முகாரிப் பாட்டு தமிழ்ப்பாட்டுதான், பிறந்தது இந்தக் கரையில். இளம் வயதில் திருவனந்தபுரத்தில் வளர்ந்த பாபநாசம் சிவனுக்கு முன்னோடி அவர். தமிழ்ப் பாட்டுக்காரரின் மகளுக்குக் கடைசி இடம் இங்கே அமைந்தது ஏதோ தெரியாத ஊரில் விட்டுவிட்டு வந்த மாதிரி இல்லை. அந்த ஆறுதலுக்காகத்தான் சுடுகாட்டோடு திரும்பிவிடாமல் தெருவில் நடக்கச் சொல்கிறோம்.

மாலை மழை விட்டபின் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி வந்து தங்குவது இங்கேதான். ஒன்பது இரவும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள், கைதட்டல் கிடையாது. ஐந்தாம் நாள் பாட்டு 'ஜனனி மாமவ', ராகம் பைரவி. இந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமே இருக்கவில்லை. ஸ்ரீவித்யாவின் அம்மா எம்.எல்.வி. 1977-ல் சங்கீத கலாநிதி, ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, 1990-ல் மறையும் வரை இந்தக் கதவு திறக்கவில்லை. 2006 நவராத்திரியில்தான் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாக உட்கார்ந்து பாடினார். அந்த நவராத்திரி முடிந்து மூன்று வாரத்துக்குள் எம்.எல்.வி.யின் மகள் இதே நகரத்தில் கண்ணை மூடினார்.

இரவில் பார்க்க வேண்டியது 'தெய்வத்தின்டெ விக்ருதிகள்', 1992. மய்யழியை (மாஹியை) விட்டுப் போக மனமில்லாத அல்போன்சாச்சனாக நம் ரகுவரன், அவர் மனைவி மேகியாக ஸ்ரீவித்யா. கேரள அரசு விருது வாங்கிக் கொடுத்த வேடம். அலங்காரம் இல்லை, நகை இல்லை; வறுமையிலும் மிடுக்கை விடாத ஒரு பெண் நடக்கிற நடை மட்டும். தமிழில் அவருக்குக் கொடுக்காமல் விட்டது என்ன என்று இதைப் பார்த்தால் தெரியும்.

அக்டோபர் 20, மெடிக்கல் காலேஜ், திரும்பும் ரயில்

அவர் பெயரில் ரத்ததானம் செய்ய நினைப்பவர்கள் 19-ம் தேதி மொத்தமாகப் போய் நிற்க வேண்டாம். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. குமரியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நோயாளிகள் இதே சாலையில் வருகிறார்கள். கீமோ எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் தேவைப்படும். சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம், தட்டணுவின் ஆயுள் ஐந்தே நாள். ஒரே நாளில் முப்பது பேர் கொடுத்தால் பாதி வீணாகலாம், அடுத்த வாரம் ஆள் இருக்காது. எந்த ரத்த வங்கியானாலும் முன்கூட்டியே பேசி, என்ன வகை எப்போது வேண்டும் என்று கேட்டு, இரண்டு இரண்டு பேராகப் பிரித்துப் போங்கள். வயது 18-க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி. விரதம் இருந்துகொண்டு கொடுக்காதீர்கள். மயங்கி விழுபவர்களில் பலர் வெறும் வயிற்றில் வந்தவர்கள்தான்.

திரும்புவதற்கு ரயில் நல்லது. கேசட் பெட்டி குலுங்காது. பெட்டியை ஸ்பீக்கர், மோட்டார் எதற்கும் அருகில் வைக்காதீர்கள், காந்தம் பட்டால் பதிவு அழியும். பாறசாலை தாண்டியதும் எல்லை முடிந்துவிடுகிறது, அடுத்து குழித்துறை. ரயிலில் வருகிறவர்களுக்குத் தளபதி நினைவுக்கு வராமல் இருக்காது. குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்ட தாய் கல்யாணி, கூவல் கேட்கும்போதெல்லாம் அந்தத் திசைக்குத் திரும்புவார். கோயிலில் மகன் சில அடி தூரத்தில் நிற்கிறான், இருவருக்கும் தெரியாது, ரயில் கூவுகிறது. வசனம் இல்லாத அந்த இடத்தில் கழுத்து திரும்புவதற்கு முன்பே கண் திரும்பிவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அனியத்திப்ராவு, காதலுக்கு மரியாதை இரண்டும் 1997. ஒரே கதை, ஒரே இயக்குநர் ஃபாசில், இரண்டிலும் நாயகனுக்கு அம்மா இவர்தான். கடைசிக் காட்சியை அடுத்தடுத்து ஓட்டினால் இரண்டு மொழிக்கும் அவர் மௌனத்தை எப்படி அளந்து கொடுத்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்தத் தடவை பூஞ்சை பிடித்த கேசட் இரண்டு மிச்சம். ஒன்றின் முதுகில் தமிழ் எழுத்தில் 'சீரியல், வித்யாம்மா, அழிக்காதே' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டாயிற்று. 27-ம் தேதி திறக்க வேண்டும்.